பழனி மலையில் நாலு தேனீப் பெட்டி: ஐப்பசி மழைக்கு முன்னால் என்ன செய்து வைப்பது?

பண்ணைக்காடு பாலா

எல்லோருக்கும் வணக்கம். பண்ணைக்காட்டுக்குக் கீழே எங்கள் காப்பித் தோட்டத்தில் நாலு பெட்டி அடுக்குத் தேனீ (நம் நாட்டுத் தேனீ) வைத்திருக்கிறேன். இரண்டு விலைக்கு வாங்கியது. இரண்டு தோட்டத்திலேயே மரப்பொந்திலிருந்து எடுத்து ஏற்றியது. எல்லாம் நியூட்டன் பெட்டி: கீழே புழு வளரும் அறை, மேலே தேன் சேரும் மேலறை, இரண்டிலும் தேனீ அடை கட்ட மரச் சட்டங்கள். சித்திரைக் கடைசியில் தேன் எடுத்தேன், வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போதுமான அளவு கிடைத்தது. விற்கும் எண்ணம் இல்லை.

இப்போது புரட்டாசி பாதி ஆகிவிட்டது. ஆடிக் காற்று ஓய்ந்த பிறகும் பெட்டிகளில் பழைய சுறுசுறுப்பு திரும்பவில்லை. காலில் மகரந்தத்தோடு வரும் தேனீக்களும் குறைவு. நாலாவது பெட்டியில் கூட்டம் ரொம்பவே மெலிந்திருக்கிறது. சர்க்கரைப் பாகு வைக்கத் தொடங்கலாமா? மெலிந்த பெட்டியை என்ன செய்வது? பக்கத்துத் தோட்டக்காரர் "இதெல்லாம் தொல்லை, இத்தாலியத் தேனீ வாங்கிப் போடு" என்கிறார். அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

மலைவாழை (தாண்டிக்குடி)

தம்பி, பாகு அப்புறம். முதலில் ஒவ்வொரு பெட்டியையும் பின்பக்கம் ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். திறக்கவே வேண்டாம். உள்ளே தேன் இருந்தால் கை சொல்லிவிடும். தூக்கும்போது காலிப் பெட்டி போல வந்தால் பாகு வைத்தே ஆக வேண்டும்.

வெயில் அடிக்கும் ஒரு நாள், பதினோரு மணி வாக்கில் திறந்து மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். எத்தனை அடையைத் தேனீ முழுசாக மூடியிருக்கிறது? முட்டை தெரிகிறதா? புழு அடையின் மேல் விளிம்பில் தேன் வளையம் இருக்கிறதா? ராணியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அடையில் உள்ள சிறு அறையின் அடியில் முட்டை நட்டுக்குத்தலாக நின்றால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அது போதும்.

இன்னொன்று, சித்திரையில் எடுத்த தேன் மேலறையிலிருந்து மட்டுமா, புழு அறைச் சட்டத்திலும் கை வைத்தீர்களா?

குமரித்தேன்

பாலா சார், நான் மார்த்தாண்டம். எங்கள் ஊரில் இதெல்லாம் யோசிப்பதே இல்லை. ரப்பர் தளிர் விடும் தை, மாசி, பங்குனியில் தேன். தென்மேற்கு மழை பிடித்தால் வாராவாரம் பாகு. ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். சர்க்கரைக்குக் கணக்குப் பார்த்தால் பெட்டி காலியாகிவிடும். நாளைக்கே ஆரம்பியுங்கள். கூட்டம் வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

கோத்தகிரி ராஜி

சர்க்கரைப் பாகு வைத்து வளர்த்துவிட்டு அதைத் தேன் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நான் வைப்பதில்லை. மழைக்கு வேண்டியதைத் தேனீயே சேர்த்து வைக்கிறது, நாம் எடுக்காமல் இருந்தால் போதும்.

குமரித்தேன்

அக்கா, நீங்கள் பொழுதுபோக்குக்கு வளர்க்கிறீர்கள். எங்களுக்கு இது பிழைப்பு. எடுக்காமல் விட்டால் சாப்பாடு யார் போடுவது?

பூச்சியியல்

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. கலப்படம் என்ற பேச்சை மட்டும் தெளிவுபடுத்தி விடலாம். மேலறையை எடுத்துவிட்டு, பூ இல்லாத மாதத்தில், புழு அறைக்குள் கொஞ்சமாக வைக்கும் பாகைத் தேனீக்கள் அன்றன்றைக்கே தின்று தீர்க்கும், புழுவுக்கு ஊட்டும். அது பாட்டிலுக்கு வராது. மேலறையை வைத்துக்கொண்டே பாகு கொடுத்தால் அது மேலே ஏறிச் சேமிப்பாகிவிடும். அதை எடுத்து விற்றால் கலப்படம்தான். கரும்புச் சர்க்கரையை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், கரும்பின் கார்பன் கணக்கு பூந்தேனிலிருந்து வேறுபடும்.

ஊர் வித்தியாசமும் முக்கியம். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் இல்லை, தளிர் இலைக் காம்பில். தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வரும், ஒரே சமயத்தில் நிற்கும். அதற்கேற்ப அங்கே பெட்டியை ஏற்றி இறக்குகிறார்கள். பழனி மலையில் அப்படி ஒரே பயிர் வரத்து கிடையாது. ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், சில்வர் ஓக், நாவல், காப்பி, சௌசௌ, வாழை, உண்ணிச்செடி என்று சின்னச் சின்னதாக மாறி மாறி வரும். பெட்டி அசையாமல் ஒரே இடத்தில் இருக்கலாம். ஆனால் இடையில் விழும் ஓட்டையை நாம்தான் அடைக்க வேண்டும். அந்த ஓட்டையில் பெரியது ஐப்பசி, கார்த்திகை.

கோத்தகிரி ராஜி

பூச்சியியல் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், மேலறை இல்லாமல் என்றால் அது வேறு. எங்கள் பக்கமும் ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டம். வெளியூர்க்காரர்கள் நீலகிரி என்றாலே ஆனி, ஆடி மழை என்று நினைக்கிறார்கள், அது கூடலூர் பக்கம். கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் கொட்டும். இன்னொரு தவறான எண்ணமும் உண்டு, இவ்வளவு தேயிலை இருக்கிறதே, தேனுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். தேயிலையைப் பூக்க விடுவதில்லையே! கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிவிடுகிறோம். எங்கள் பெட்டிகள் பிழைப்பது சோலை ஓரத்து மரங்களிலும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்திலும் வீட்டுத் தோட்டங்களிலும்தான்.

பண்ணைக்காடு பாலா

நேற்று நல்ல வெயில். திறந்து பார்த்தேன். மலைவாழை ஐயா கேட்டதற்குப் பதில்: சித்திரையில் மேலறையில் மட்டும்தான் எடுத்தேன்.

முதல் பெட்டி, ஐந்து அடை நிறையத் தேனீ, முட்டை உண்டு, மேலே தேன் வளையம் விரல் அகலம். இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவதில் நாலு அடை, முட்டை உண்டு, தேன் மிகக் குறைவு. நாலாவதில் இரண்டு அடையில்தான் தேனீ. மீதி அடைகள் காலி, ஒரு ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி நூலாம்படை. சில புழு அறைகளின் மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே புழு நீட்டிப் படுத்திருக்கிறது, தலை மட்டும் கூர்மையாக மேலே தூக்கி. இது என்ன?

மலைவாழை (தாண்டிக்குடி)

நூலாம்படை, அடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சியின் வேலை. அது பெரிய விஷயமில்லை, தேனீ மூடாத அடை எல்லாவற்றிலும் வரும். அந்த அடைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

புழுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு மெல்லிய குச்சியால் அப்படி ஒரு புழுவின் தலையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுங்கள். தோல் கிழியாமல் பை போல வந்து, அதற்குள் தண்ணீர் மாதிரி திரவம் ஆடினால் அது பைப்புழு நோய், தாய் (தாய்லாந்து) சாக் புரூட் என்பார்கள். நாற்றம் பெரிதாக இருக்காது. நிறம் முதலில் வெளிறி, பிறகு சாம்பலும் பழுப்புமாகும். வந்த பெட்டியில் வேலை செய்த கையோடு மற்ற பெட்டியைத் தொடாதீர்கள். சட்டம் மாற்றவே கூடாது.

பூச்சியியல்

ஐயா சொன்னதுதான் சரியான சோதனை. இது வைரஸ், மருந்து கிடையாது. கடையில் யாராவது ஆன்டிபயாட்டிக் பொடி கொடுத்தால் வாங்காதீர்கள், வைரஸுக்கு அது எதுவும் செய்யாது, தேனில் மட்டும் தங்கிவிடும். செய்யக்கூடியது, நோய்ப் புழு உள்ள அடைகளை எடுத்து எரிப்பது, ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து முட்டை இடுவதை நிறுத்துவது. புழுவே இல்லாத இடைவெளி விழுந்தால் வைரஸ் பரவ வழி குறையும். தாங்கி நின்ற பெட்டியிலிருந்து புது ராணி கொடுத்தால் இன்னும் நல்லது.

குமரித்தேன்

இந்த நோய் பெயரைக் கேட்டாலே எங்கள் அப்பா இன்றைக்கும் முகம் சுளிப்பார். 1991, 92-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெட்டிகள் காலி. ஒரு தொழிலே விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் வெறும் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன.

மலைவாழை (தாண்டிக்குடி)

இங்கேயும்தான். தாண்டிக்குடி, பட்லங்காடு பக்கமெல்லாம் காப்பித் தோட்டத்தில் பெட்டி வைத்திருந்தவர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். பிறகு பொந்துகளில் தப்பிய கூட்டங்களிலிருந்துதான் மெதுவாகத் திரும்ப வந்தது. அதனால்தான் பாலா தம்பி தோட்டத்துப் பொந்திலிருந்து எடுத்த இரண்டு கூட்டத்தை நான் உசத்தியாக நினைக்கிறேன். இந்த மலையின் குளிரையும் நோயையும் பார்த்து நின்ற வம்சம் அது. கீழே நாட்டிலிருந்து வாங்கி வந்த கூட்டம் முதல் மழையிலேயே பெட்டியை விட்டு ஓடிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குமரித்தேன் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

குமரித்தேன்

கோபம் இல்லை ஐயா, வியாபாரம்தான் போச்சு.

பெருமாள்மலை மீனா

இடையில் நுழைகிறேன். மெலிந்த பெட்டியைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடலாமே? நான் மழைக்கு முன் அப்படித்தான் செய்வேன். பலவீனமான பெட்டியின் ராணியை எடுத்துவிட்டு, பலமான பெட்டியின் மேல் ஒரு நாளிதழ்த் தாளை விரித்து, ஊசியால் சில ஓட்டை போட்டு, அதன்மேல் இந்த அறையைத் தூக்கி வைத்துவிடுவது. இரண்டு கூட்டமும் தாளைக் கடித்துக் கிழித்து ஒன்றையொன்று சேர்வதற்குள் வாசம் கலந்துவிடும், சண்டை வராது. தாளைத் துண்டு துண்டாக வாசலில் கொண்டு வந்து போடுவதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

பூச்சியியல்

நல்ல முறை மீனா அக்கா, ஆனால் நோய் உள்ள பெட்டியில் கூடாது. நோயையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.

பண்ணைக்காடு பாலா

இழுத்துப் பார்த்தேன். பை போலத்தான் வந்தது, உள்ளே திரவம். கொஞ்சம் அடைகளில்தான் இருக்கிறது. எரித்துவிட்டேன். ராணியைக் கூண்டில் போட்டிருக்கிறேன். பெட்டியைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றலாமா?

மலைவாழை (தாண்டிக்குடி)

தோட்டத்துக்குள்ளேயே மாற்றினால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்குத்தான் திரும்பி வரும், பக்கத்துப் பெட்டிக்குள் நுழையும். அப்படியே இருக்கட்டும். வாசலை மட்டும் சுருக்குங்கள்.

மற்ற மூன்றுக்கும் மழை வேலை சொல்கிறேன். மேலறையை எடுத்துவிடுங்கள். தேனீ மூடாத அடைகளை எடுத்து, கூட்டத்தை நெருக்கி, தடுப்புப் பலகை வையுங்கள். இந்த மலையில் குளிரைவிட ஈரம்தான் கொல்லும். காலி இடம் இருந்தால் சூடு போய் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். பெட்டியை வாசல் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் வெளியே வடியட்டும். மேலே ஒரு தகரம், அதன்மேல் கல். உள்மூடிக்கு மேல் காய்ந்த சாக்கு. வாசல் கிழக்கோ தென்கிழக்கோ பார்த்தால் காலை வெயில் சீக்கிரம் விழும், மூடுபனி விலகிய உடனே கிளம்பிவிடும். தாங்கியின் கால் நாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கிறதா? மழைக்காலத்தில் எறும்பு மேடான இடம் தேடி வரும்.

மூன்றாவது பெட்டிக்கு மட்டும் பாகு. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சம அளவு வெள்ளைச் சர்க்கரை போட்டுக் கலக்கி, ஆறவிட்டு, கொட்டாங்கச்சியில் ஊற்றி, மேலே குச்சி நாலு போட்டு வையுங்கள். குச்சி இல்லாவிட்டால் முங்கிச் சாகும். பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள், ஒரு சொட்டு வெளியே சிந்தக் கூடாது. பகலில் வைத்தால் பலமான பெட்டி வாசம் பிடித்து வந்து கொள்ளையடித்துவிடும். வெல்லம், கருப்பட்டி வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும்.

கோத்தகிரி ராஜி

ஐயா, முதல் இரண்டு பெட்டிக்கு வேண்டாமா?

மலைவாழை (தாண்டிக்குடி)

விரல் அகலத் தேன் இருக்கிறதே அம்மா. தொடர்ந்து ஒரு வாரம் வெயிலே இல்லாமல் பெய்தால் அப்போது பார்க்கலாம். தேவையில்லாமல் பாகு வைத்தால் பூ வந்துவிட்டது என்று ராணி முட்டையைக் கூட்டும். பிறகு அத்தனை புழுவுக்கும் மகரந்தம் எங்கே போவது? சர்க்கரையில் புரதம் இல்லையே.

பெருமாள்மலை மீனா

மகரந்தத்துக்கு எங்கள் பக்கம் சீகை (வாட்டில்) மரம் கைகொடுக்கும். கீழே காப்பிக்காட்டில் அது குறைவுதான்.

பாலா தம்பியின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, இத்தாலியத் தேனீ?

பூச்சியியல்

இத்தாலியத் தேனீக்குத் தேன் அதிகம், ஓடிப்போகும் குணம் குறைவு. உண்மைதான். ஆனால் அது சமவெளியில் சூரியகாந்தி, எள், கொத்தமல்லி என்று ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு. நாலு பெட்டியை ஒரே இடத்தில் வைத்திருப்பவருக்கு மலையில் அது வருடம் முழுக்கத் தீனி கேட்கும். வர்ரோவா என்ற உண்ணியும் இருக்கிறது. அந்த உண்ணி ஆதியில் நம் அடுக்குத் தேனீயுடையதுதான். நம் தேனீ ஒன்றையொன்று சுத்தம் செய்து, கடித்துத் தள்ளிவிடும். உண்ணியும் ஆண் தேனீ அறையில் மட்டுமே பெருகும். இத்தாலியத் தேனீயில் அது எல்லா அறையிலும் பெருகிக் கூட்டத்தையே முடித்துவிடும். அடுக்குத் தேனீ குளிரிலும் முன்னதாகவே கிளம்பும், காப்பிக்கு அதுதான் பொருத்தம்.

சின்ன வேடிக்கை ஒன்று. வெயில் நேரத்தில் வாசலில் சிறகடித்துக் காற்று வீசும் தேனீயைப் பாருங்கள். அடுக்குத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்துக் காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் வைத்து வெளியே இழுக்கும். தூரத்திலிருந்தே எந்தப் பெட்டி எது என்று சொல்லிவிடலாம்.

பாச்சலூர் காடு

எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் கரடி! இரண்டு பெட்டியை மாவாக்கிவிட்டுப் போய்விட்டது. சட்டம், அடை, மெழுகு எதுவும் மிச்சமில்லை. இப்போது வீட்டுச் சுவரை ஒட்டி விளக்கு எரியும் இடத்தில் வைத்திருக்கிறேன். யானைக்குத் தேனீப் பெட்டி வேலி போடலாமாமே, யாராவது செய்திருக்கிறீர்களா?

பூச்சியியல்

2021-ல் காதி கிராமத் தொழில் ஆணையம் குடகில் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் உங்கள் ஊரில் யானையைத் துரத்த வைத்த பெட்டிக்குக் கரடி வரும்.

பாச்சலூர் காடு

அதுவும் சரிதான்.

பண்ணைக்காடு பாலா

தை பிறந்துவிட்டது, இந்தப் பழைய உரையாடலை மேலே கொண்டு வருகிறேன். ஐப்பசியில் நல்ல மழை. முதல் மூன்று பெட்டியும் தாண்டிவிட்டன. நாலாவதில் புதுப் புழுவில் நோய் தெரியவில்லை, ஆனால் கூட்டம் பெருகவும் இல்லை. கார்த்திகையில் ஒரு நாள் பெட்டி காலி, கிளம்பிவிட்டது. பெட்டியைக் கழுவி, தீயில் வாட்டி, வெயிலில் வைத்திருக்கிறேன்.

இப்போது புதுச் சந்தேகம். முதல் பெட்டியின் அடிப்பலகையில் சின்னச் சின்ன வட்டத் துண்டுகள் உதிர்ந்து கிடக்கின்றன. மிளகை விடப் பெரிசு, நடுவில் ஊசி குத்தியது போல ஒரு ஓட்டை. இது என்ன நோய்?

மலைவாழை (தாண்டிக்குடி)

நோய் இல்லை தம்பி, சந்தோஷப்படுங்கள். ஆண் தேனீ அறையின் மூடி அது. அடுக்குத் தேனீயில் ஆண் அறை மூடிக்கு மட்டும் நடுவில் ஓட்டை இருக்கும். அது உதிர்ந்தால் ஆண் தேனீ பொரிகிறது. ஆண் தேனீ வந்தால் அடுத்து ராணி அறை, அதற்கடுத்துக் கூட்டம் பிரியும். வாரம் ஒருமுறை அடைகளின் கீழ் விளிம்பைப் பாருங்கள், நிலக்கடலைத் தோல் தொங்குவது போல ராணி அறை தெரியும். முட்டையிட்டதிலிருந்து பதினைந்து, பதினாறு நாளில் புது ராணி வெளியே வந்துவிடும். அறை மூடப்பட்டதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பும்.

நீங்களே பிரித்துவிடலாம். ராணி அறை உள்ள சட்டம், இரண்டு புழுச் சட்டம், ஒரு தேன் சட்டம், ஒட்டியிருக்கும் தேனீயோடு எடுத்து அந்தக் கழுவிய பெட்டியில் வையுங்கள். முதல் பெட்டியில் மிச்சமிருக்கும் ராணி அறைகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பழைய ராணி எப்படியும் கிளம்பிவிடும். நாலாவது பெட்டி திரும்ப வந்துவிடும், அதுவும் தோட்டத்துப் பொந்து வம்சத்திலிருந்தே.

குமரித்தேன்

ஆனால் சார், தேன் வேண்டுமா, கூட்டம் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிரித்தால் இந்த வருடம் அந்த இரண்டிலும் தேன் குறையும். ராணி அறையைக் கிள்ளி எறிந்து, மேலறை வைத்து இடம் கொடுத்தால் ஒரே பெட்டியில் நிறையத் தேன்.

மலைவாழை (தாண்டிக்குடி)

கிள்ளிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒன்று கண்ணில் படாமல் தப்பும். பாதிக் கூட்டம் சில்வர் ஓக் உச்சியில் தொங்கும். இறக்க யார் ஏறுவது?

பெருமாள்மலை மீனா

பாலா, காப்பிப் பூவைக் கணக்கு வைத்து நாளைப் பாருங்கள். காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்து எட்டு, பத்து நாளில் பூக்கும், மூன்று நாலு நாளில் முடிந்துவிடும். அந்த நாலு நாளில் வெளியே போய் வேலை செய்யும் தேனீ, முட்டையாக இடப்பட்டது ஐந்தாறு வாரம் முன்பு. முட்டையிலிருந்து பொரிய ஏறத்தாழ இருபது நாள். பிறகு இரண்டு, மூன்று வாரம் உள்ளேயே புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது. அதற்கப்புறம்தான் வெளியே அனுப்புவார்கள். பங்குனியில் பூ என்றால் மாசித் தொடக்கத்தில் ராணி நிறைய முட்டை இட்டிருக்க வேண்டும். பூவைப் பார்த்த பிறகு பாகு வைத்துக் கூட்டம் கூட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பூச்சியியல்

அதைப் பின்னோக்கிக் கொண்டு போனால் இன்னும் சுவாரசியம். மாசியில் இடும் முட்டைக்கு ஊட்டுவது தையில் பொரிந்த தேனீ, தையில் பொரிந்ததை வளர்த்தது மழையைத் தாண்டிய கிழட்டுத் தேனீ. கார்த்திகையில் ஐந்து அடை மூடிய கூட்டம், காப்பிப் பூவில் மேலறை கேட்கும். இரண்டு அடையோடு தப்பியது, காப்பிப் பூவை வைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்வதோடு சரி. பாலா மழையில் செய்த வேலைதான் இப்போது ஆண் தேனீ மூடியாக அடிப்பலகையில் விழுந்திருக்கிறது.

அரபிகாவுக்குத் தன் மகரந்தமே போதும், ஆனாலும் தேனீ இருந்தால் காய் பிடிப்பு கூடும். ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் இல்லாமல் முடியாது.

பண்ணைக்காடு பாலா

பிரித்துவிட்டேன். புது ராணி இணைந்து முட்டை வைத்துவிட்டது. ஆனால் பக்கத்தில் சௌசௌ பந்தல் போட்டிருப்பவர் காலை ஒன்பது மணிக்கு மருந்து அடிக்கிறார். அன்றைக்கெல்லாம் வாசலில் தேனீ நாக்கை நீட்டிச் செத்துக் கிடக்கிறது. கேட்டால் கோபிப்பாரோ என்று தயக்கம்.

பெருமாள்மலை மீனா

சௌசௌவில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் அவருக்குக் காயே இல்லை. அதை அவரிடம் பூவைக் கிள்ளிக் காட்டிச் சொல்லுங்கள், கூடவே ஒரு பாட்டில் தேன் கொடுங்கள். அடிக்க வேண்டாம் என்று கேட்காதீர்கள், சாயங்காலம் அடியுங்கள் என்று கேளுங்கள். முதல் நாள் சொன்னால் போதும், அன்றைக்கு நீங்கள் வாசலில் வலை கட்டி மூடிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இது நடந்தது.

பண்ணைக்காடு பாலா

சொன்னேன். சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். தேன் பாட்டில் இப்போதே கேட்கிறார், பூவே இன்னும் வரவில்லை!

பண்ணைக்காடு பாலா

சித்திரை. காப்பிப் பூ நன்றாக இருந்தது, தோட்டமே வெள்ளை. பிறகு சில்வர் ஓக். முதல் இரண்டு பெட்டியில் மேலறை நிறைந்திருக்கிறது. முக்கால்வாசி அறைக்கு மெழுகு மூடி போட்டிருக்கிறது. எடுக்கலாமா? போன வருடத் தேன் ஆவணியில் நுரைத்துப் பொங்கிவிட்டது, அதுதான் பயம்.

பூச்சியியல்

முக்கால்வாசி மூடி என்றால் எடுக்கலாம். மூடாத பகுதி அதிகமுள்ள சட்டத்தை விட்டுவிடுங்கள், அதில்தான் தண்ணீர் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதி ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அக்மார்க்கில் சிறப்புத் தரத்துக்கு 20, ஏ தரத்துக்கு 22, சாதாரணத் தரத்துக்கு 25 வரை அனுமதி. மலையில் அடுக்குத் தேனீத் தேன் பெரும்பாலும் 20-ஐத் தாண்டித்தான் நிற்கும். கோடை மழைக்கு முன், தொடர்ந்து வெயில் அடித்த நாளில், மதியம் எடுங்கள். மழை பெய்த மறுநாள் எடுக்காதீர்கள்.

குமரித்தேன்

நாங்கள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தேன் பாத்திரத்தை வைத்துச் சூடு காட்டுவோம். நேரடியாக அடுப்பில் வைத்தால் நிறம் கறுத்து மணம் போய்விடும்.

கோத்தகிரி ராஜி

வீட்டுக்குத்தானே, சூடே வேண்டாம். மூடிய அடை மட்டும் எடுத்து, வடிகட்டி, நாலைந்து நாள் மூடி வைத்தால் நுரை மேலே வரும், வழித்துவிடுங்கள். காற்றுப் புகாத பாட்டில், ஈரமில்லாத கரண்டி.

பாலா, ஒரு கேள்வி. மேலறையை முழுசாகக் காலி செய்துவிடுவீர்களா? இன்னொரு சுற்று நிறைந்தால் வைகாசிக் கடைசியில் அதையும் எடுக்கும் யோசனை உண்டா?

பண்ணைக்காடு பாலா

அந்த ஆசை இருக்கிறது அக்கா.

மலைவாழை (தாண்டிக்குடி)

முதல் சுற்றை எடுங்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. இரண்டாவது சுற்றை விட்டுவிடுங்கள். வைகாசிக்குப் பிறகு காற்று பிடிக்கும். ஆனி, ஆடியில் பூ இருந்தாலும் காற்றில் தேனீ கிளம்பாது. அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி, உடனே ஐப்பசி. போன வருடம் மூன்றாவது பெட்டிக்கு நீங்கள் கொட்டாங்கச்சியில் ஊற்றியதை இந்த வருடம் அதுவே மேலே வைத்துக்கொள்ளட்டும். நல்ல வருடத்தில் ஒரு பெட்டிக்கு ஐந்து முதல் எட்டு கிலோ வரும். அதில் ஒன்றிரண்டு கிலோவுக்காகப் புரட்டாசியில் சர்க்கரை மூட்டை வாங்குவது எனக்குப் பிடிபடவில்லை.

குமரித்தேன்

ஐயா, ஒரு கிலோ தேன் விலையும் ஒரு கிலோ சர்க்கரை விலையும் பார்த்தால் கணக்கு என் பக்கம்தான் நிற்கும்.

மலைவாழை (தாண்டிக்குடி)

நூறு பெட்டி வைத்தவருக்கு நிற்கும். நாலு பெட்டிக்காரர் மழையில் சாயங்காலம் சாயங்காலமாகக் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடக்கும் கூலியைச் சேருங்கள், காலில் ஏறும் அட்டையையும் சேர்த்து.

குமரித்தேன்

அட்டைக் கணக்கு எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் கொசுதான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலறையோடு விட்டால் கூட்டம் மெலியும்போது அந்த அடையிலேயே அந்து வைக்கும். அதற்கு என்ன பதில்?

பூச்சியியல்

நியாயமான கேள்வி. ஆடியில் ஒருமுறை பாருங்கள். மேலே தேனீ நடமாட்டம் குறைந்தால் மூடிய தேன் சட்டங்களை மட்டும் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மழையில் ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். மேலறைச் சட்டம் சின்னது, ஆனாலும் புழு அறையின் ஓரத்தில் தொங்கவிட்டால் வேலை நடக்கும். எந்தப் பெட்டியின் தேனை எதற்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் குறித்து வையுங்கள், நோய் வந்த பெட்டித் தேன் வேறு பெட்டிக்குப் போகக் கூடாது.

பண்ணைக்காடு பாலா

சரி, இரண்டாவது சுற்று இல்லை. முதல் சுற்று இந்த சனிக்கிழமை, வெயில் இருந்தால். தேன் எடுக்கும் சுழல் எந்திரம் போன தடவை இரவல் வாங்கியது, அவர் இப்போது தர முடியாது என்கிறார். பண்ணைக்காடு, ஊத்து, தாண்டிக்குடி பக்கம் யாரிடமாவது இரண்டு சட்டம் போடும் சின்ன எந்திரம் இருக்கிறதா?

மலைவாழை (தாண்டிக்குடி)

என்னிடம் நாலு சட்டம் போடுவது இருக்கிறது. கைப்பிடி கொஞ்சம் ஆடும், ஸ்பேனர் கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாண்டிக்குடி பஸ் நிறுத்தத்தில் வாங்கிக்கொள்ளலாம். சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

பெருமாள்மலை மீனா

முடிந்ததும் எனக்கு வேண்டும் ஐயா. எங்களுக்கு மேலே ஒரு மாதம் தாமதம், வைகாசிக்குத்தான் எடுப்பேன்.